ரேஷன் அட்டையும் கலர் பாட்டிலும்: உணவு உதவிக்கு எவ்வளவு கட்டுப்பாடு?

"இனாமா அரிசி வாங்குற வீட்டுக்குக் கலரும் சிப்ஸும் எதுக்குங்க?" கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோபாலபுரம் என்று பாலக்காட்டின் கிழக்கோரத்தில் எந்த டீக்கடையில் உட்கார்ந்தாலும் இந்தப் பேச்சு காதில் விழும். கேட்பவர்கள் பெரும்பாலும் கெட்ட மனசுக்காரர்கள் இல்லை. பெட்டிக்கடையில் சரம் சரமாகத் தொங்கும் பாக்கெட்டுகளையும், அதைக் கேட்டு அழும் குழந்தைகளையும் தினம் பார்ப்பவர்கள். அரசு தரும் உதவி உடம்புக்கு நல்லதாகப் போய்ச் சேர வேண்டும் என்பது நியாயமான ஆசைதான்.

அமெரிக்காவில் இந்த ஆசை விதியாகவே வந்துவிட்டது. 2026 ஜனவரி 1 முதல் நெப்ராஸ்கா, அயோவா, இந்தியானா, யூட்டா, மேற்கு வர்ஜீனியா ஆகிய ஐந்து மாநிலங்களில், அரசின் உணவு உதவி அட்டையை நீட்டிக் குளிர்பானம் வாங்க முடியாது. சில மாநிலங்களில் மிட்டாய்க்கும் தடை. நம் நாட்டிலும் அரிசிக்குப் பதிலாகப் பணம் தரலாமா, கூப்பன் தரலாமா என்ற யோசனை அவ்வப்போது எழுகிறது. அது வந்தால் கூடவே இந்தக் கேள்வியும் வரும். அதனால் அடிப்படையிலிருந்து பார்த்துவிடுவோம்.

ஓர் ஏழைக் குடும்பத்தின் சாப்பாட்டுக்கு அரசு உதவ நினைத்தால், பொருளாகவே கொடுக்கலாம். நமது ரேஷன் கடை அப்படித்தான் நடக்கிறது. 2013ஆம் ஆண்டின் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி முன்னுரிமைக் குடும்பத்தில் ஆளுக்கு மாதம் 5 கிலோ தானியம். அந்தியோதயா குடும்பத்துக்கு 35 கிலோ. கேரளத்தில் முன்னது பிங்க் அட்டை, பின்னது மஞ்சள் அட்டை. இந்தத் தானியம் 2023 ஜனவரியிலிருந்து முழுக்க இலவசம். நீல, வெள்ளை அட்டைக்காரர்கள் விலை கொடுத்து வாங்குகிறார்கள்.

பொருளுக்குப் பதிலாக, உணவு வாங்க மட்டுமே பயன்படும் ஓர் அட்டையைக் கொடுக்கலாம். அமெரிக்காவின் வழி இது. 1964இல் உணவுக் கூப்பனாகச் சட்டமாகி, பிறகு அட்டையாக மாறி, 2008இல் ஸ்னாப் என்று பெயர் பெற்றது. சுமார் 4 கோடிப் பேர் இதை நம்பி இருக்கிறார்கள். ஒருவருக்கு நாளொன்றுக்குக் கிடைப்பது சராசரியாக 6 டாலர் அளவில். அந்த ஊர் விலைவாசியில் அது பெரிய தொகை இல்லை. பொருளும் வேண்டாம், அட்டையும் வேண்டாம் என்றால், பேசாமல் பணத்தையே வங்கிக் கணக்கில் போட்டுவிடலாம். புதுச்சேரியிலும் சண்டிகரிலும் 2015இல் தானியத்துக்குப் பதில் பணம் போட ஆரம்பித்தார்கள்.

பொருளில் வாங்குபவருக்குத் தேர்வே கிடையாது. பணத்தில் முழுத் தேர்வு. அட்டை இரண்டுக்கும் நடுவில். ஜங்க் ஃபுட் தடை என்ற பேச்சு அந்த நடுவில்தான் பிறக்கிறது. ஸ்னாப் அட்டையில் ஏற்கெனவே சில தடைகள் உண்டு: மது வாங்க முடியாது, புகையிலை வாங்க முடியாது, பொதுவாகச் சூடாகச் சமைத்து விற்கும் உணவும் வாங்க முடியாது. இந்தக் கடைசி விதி பலருக்குத் தெரியாது. சுடச்சுட விற்கும் பொரித்த கோழிக்கு அட்டை செல்லாது. பக்கத்து அலமாரியில் இருக்கும் சிப்ஸ் பாக்கெட்டுக்குச் செல்லும். சமைக்க நேரமும் அடுப்பும் இல்லாதவர்களின் நிலையை விதி எழுதியவர்கள் யோசிக்கவில்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

தடையை விரிவாக்கும் முயற்சியும் புதிதில்லை. 2004இல் மினசோட்டா மாநிலம் கேட்டது, மறுக்கப்பட்டது. 2010இல் நியூயார்க் நகரம் குளிர்பானத்தை மட்டும் நீக்க அனுமதி கேட்டது. அடுத்த ஆண்டு அதையும் ஸ்னாப்பை நடத்தும் அமெரிக்க விவசாயத் துறை மறுத்துவிட்டது. 2025இல் காற்று திசை மாறியது. அந்த ஆண்டு முடிவதற்குள், மேலே சொன்ன ஐந்தையும் சேர்த்து 18 மாநிலங்கள் அனுமதி வாங்கிவிட்டன.

சரி, தடை போட்டால் தட்டில் என்ன மாறும்? விஷயத்தின் நடு முடிச்சு இதுதான். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு வீட்டில் மாதம் 6,000 ரூபாய்க்கு மளிகையும் காய்கறியும் வாங்குகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் 200 ரூபாய் பாக்கெட் தீனிக்கும் கலருக்கும் போகிறது. அரசு 1,000 ரூபாய்க்கு உணவுக் கூப்பன் தருகிறது. மீதி 5,000 சொந்தப் பணம். இப்போது "கூப்பனில் கலர் வாங்கக் கூடாது" என்று விதி வருகிறது. அந்த வீட்டு அம்மா என்ன செய்வார்? கூப்பனைக் கொடுத்து அரிசியும் பருப்பும் வாங்குவார். கையிலுள்ள பணத்தில் 200 ரூபாய்க்குக் கலரும் தீனியும் வாங்குவார். விதி மீறப்படவில்லை. தட்டும் மாறவில்லை. எந்தக் காசு எதற்குப் போகிறது என்பது மட்டும் இடம் மாறியது. ஆழியாறு தண்ணீர் ஒரே வயலுக்கு இரண்டு வாய்க்காலில் வந்தால், ஒன்றின் மடையை மட்டும் அடைத்து வயலைக் காயப்போட முடியாது அல்லவா? அதுபோலத்தான்.

நாம் வாங்கும் ரேஷன் அரிசிக்கும் இந்தக் கணக்கு பொருந்தும். நான்கு பேர் உள்ள பிங்க் அட்டை வீட்டுக்கு 20 கிலோ தானியம் இலவசம். வெளியே கிலோ 40 ரூபாய் என்று வைத்தாலும் 800 ரூபாய் மிச்சம். அந்த 800 முட்டையாகலாம், பிள்ளையின் பஸ் காசாகலாம், மருந்தாகலாம், கலராகவும் ஆகலாம். அரிசி மட்டும்தானே கொடுக்கிறோம் என்று அரசு நினைத்தாலும், அரிசியின் வழியாகப் பணமும் அந்த வீட்டுக்குள் போகிறது.

அப்படியானால் தடை யாரைத்தான் கட்டும்? உணவுச் செலவு முழுக்கக் கூப்பனிலேயே ஓடுகிற வீட்டை. கையில் வேறு பணமே இல்லாத வீட்டை. அதாவது ஏழைகளிலும் ஏழையை. தனியாக இருக்கும் ஒரு முதியவர் பேத்தி வரும்போது ஒரு கலர் பாட்டில் வாங்க நினைத்தால், தடுக்கப்படுவது அவர்தான். என்னால் இதைச் சுலபமாகக் கடந்துபோக முடியவில்லை.

ஆனால் கணக்கு இவ்வளவு நேர்கோடாக எல்லா வீட்டிலும் நடப்பதில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். மனிதர்கள் மனசுக்குள் தனித்தனி டப்பா வைத்திருக்கிறார்கள்: இது வாடகைக் காசு, இது சீட்டுக் காசு, இது சாப்பாட்டுக் காசு என்று. 2018இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு மளிகைக் கடைப் பில்களை வைத்து இதை அளந்தது. ஸ்னாப் அட்டையில் ஒரு டாலர் கூடினால் உணவுச் செலவு 50 முதல் 60 சென்ட் வரை கூடுகிறது. அதே டாலர் பணமாக வந்தால் 10 சென்ட் அளவுக்குத்தான் கூடுகிறது. அட்டைக் காசை ஜனங்கள் உண்மையிலேயே சாப்பாட்டுக் காசாக நடத்துகிறார்கள். ஆக, அட்டையின் விதி அவர்களின் பழக்கத்தைக் கொஞ்சமாவது தொடக்கூடும்.

இதற்கு நேரடிச் சோதனை ஒன்றும் உண்டு. மினசோட்டாவில் நடந்து 2016இல் வெளியானது. 279 பேரை நான்கு குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழு பழம், காய்கறி வாங்கினால் 30 சதவீதம் திரும்பக் கிடைக்கும். இன்னொரு குழு இனிப்புப் பானம், மிட்டாய், கேக் வகைகளைச் சோதனைக்காகத் தந்த உணவு அட்டையில் வாங்கக் கூடாது. மூன்றாவது குழுவுக்கு இரண்டும். நான்காவது குழுவுக்கு எதுவுமில்லை. ஊக்கமும் தடையும் சேர்ந்த மூன்றாவது குழுவின் சாப்பாடுதான் கண்ணுக்குத் தெரியும்படி நன்றாக மாறியது. கலந்துகொண்டவர்கள் அந்த நேரத்தில் ஸ்னாப் வாங்கிக்கொண்டிருந்தவர்கள் இல்லை, எண்ணிக்கையும் சிறிது. ஆனாலும் தடை பேச்சுக்கே உதவாது என்று ஒதுக்க இந்தச் சோதனை விடவில்லை. தனித் தடையைவிட, கூடவே ஏதாவது கொடுத்துச் செய்யும் தடைக்குப் பலன் அதிகம் என்றுதான் நான் இதைப் படிக்கிறேன்.

உதவி வாங்குபவர்கள்தான் கண்டதையும் வாங்கித் தின்கிறார்கள் என்ற எண்ணத்தையும் பார்த்துவிடலாம். அமெரிக்க விவசாயத் துறையே 2011ஆம் ஆண்டின் கடைப் பில்களை அலசி 2016இல் அறிக்கை வெளியிட்டது. ஸ்னாப் வீடுகள் மளிகைச் செலவில் சுமார் 5 சதவீதத்தைக் குளிர்பானத்துக்குச் செலவிட்டன. ஸ்னாப் வாங்காத வீடுகள் சுமார் 4 சதவீதம். வித்தியாசம் உண்டு, ஆனால் நூற்றுக்கு ஒரு ரூபாய். ஏழையும் வசதியானவரும் ஏறக்குறைய ஒரே கூடையைத்தான் நிரப்புகிறார்கள். நம் நாட்டில் 2023-24ஆம் ஆண்டின் குடும்பச் செலவுக் கணக்கெடுப்பில், உணவுச் செலவுக்குள் மிகப் பெரிய பங்கு பானங்கள், சிற்றுண்டி, பதப்படுத்திய உணவு என்ற இனத்துக்குப் போனது. மொத்தக் குடும்பச் செலவில் கிராமத்தில் சுமார் 10 சதவீதம், நகரத்தில் சுமார் 11 சதவீதம். டீக்கடை டீயும் ஓட்டல் சாப்பாடும் இதில் அடக்கம் என்பதால் அத்தனையையும் ஜங்க் என்று சொல்ல முடியாது. ஆனால் நகரத்துக்காரர்கள் கிராமத்தாரைவிட அதிகமாகச் செலவிடுகிறார்கள் என்பது தெரிகிறது.

நோயும் அட்டையின் நிறம் பார்த்து வருவதில்லை. 2023இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுவின் ஆய்வுப்படி கேரளத்தில் வயது வந்தவர்களில் 25.5 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய். நாட்டின் சராசரி 11.4. நான்கில் ஒருவர் என்றால் மஞ்சள் அட்டைக்காரர், வெள்ளை அட்டைக்காரர் எல்லாரும் அதற்குள் இருக்கிறார்கள். அட்டையில் மட்டும் தடை போடுவது, இந்தப் பெரிய நோயை ஏழையின் ஒழுக்கக் குறைவு போலக் காட்டிவிடும். என் மறுப்புக்கு முதல் காரணம் இது.

அடுத்து, எது ஜங்க் ஃபுட் என்று யார் முடிவு செய்வது? பேசும்போது எல்லாருக்கும் தெரிந்ததுபோல இருக்கும். பட்டியல் எழுத உட்கார்ந்தால்தான் சிக்கல் புரியும். அயோவா மாநிலம் தன் விற்பனை வரிச் சட்டத்தில் உள்ள வரையறையையே எடுத்துக்கொண்டது. அதன்படி மாவு சேர்ந்த சாக்லேட் பார் மிட்டாய் ஆகாது, மாவு சேராதது மிட்டாய். உடம்புக்கு இந்த வித்தியாசம் தெரியாது. பில் போடும் இயந்திரத்துக்கு மட்டும் தெரியும்.

நம் பக்கம் இன்னும் கஷ்டம். நேந்திரங்காய் சிப்ஸ் ஜங்கா? தேங்காய் எண்ணெயில் பொரித்தது, உப்புப் போட்டது. ஆனால் அது இல்லாமல் இங்கே ஒரு விருந்து கிடையாது. 2021 ஓணத்துக்குக் கேரள அரசு எல்லா அட்டைக்காரர்களுக்கும் இலவச கிட் கொடுத்ததே, அதில் ஒரு கிலோ சர்க்கரை இருந்தது. முந்திரி, ஏலக்காய், நெய்யோடு சர்க்கரை வரட்டி அல்லது உப்பேரி என்ற வாழைக்காய் வறுவலும் இருந்தது. ஊட்டச்சத்துப் பட்டியலை வைத்துப் பார்த்தால் அதில் சிலவற்றைக் கழித்துவிட வேண்டும். ஆனால் அந்தக் கிட் வீட்டுக்கு வந்தபோது, பண்டிகை நமக்கும் உண்டு என்று எத்தனை பேர் நினைத்திருப்பார்கள். அரசு அன்று செய்தது சரி என்பேன். அங்கன்வாடியில் சின்னக் குழந்தைகளுக்காகத் தரும் அமிர்தம் பொடியிலும் கோதுமை, கடலை, சோயாவோடு சர்க்கரை சேர்கிறது. சர்க்கரை இருக்கிறது என்பதற்காக அதைத் தீனி என்று தள்ள முடியாது. எதில், எவ்வளவு, யாருக்கு என்று பார்த்துத்தான் சொல்ல முடியும். கடைக்காரரின் மிஷினுக்கு அவ்வளவு நிதானம் கிடையாது.

கட்டுப்பாட்டின் இன்னொரு முகத்தை அட்டப்பாடியில் பார்க்கலாம். பாலக்காடு மாவட்டத்திலேயே, பவானி ஓடும் மலைச்சரிவு. இருளர், முடுகர், குறும்பர் வாழும் ஊர்கள். ராகி, சாமை, தினை, துவரை என்று பல தானியம் விதைத்துச் சாப்பிட்டவர்கள். நிலம் கையை விட்டுப் போனதும் விதைப்பு சுருங்கியது. அந்த இடத்தை ரேஷன் அரிசி நிரப்பியது. 2013இல் அங்கே பச்சிளங்குழந்தைகள் அடுத்தடுத்து இறந்தபோது, தாய்மார்களின் ஊட்டச்சத்துக் குறைவும் ரத்தசோகையும் நாடெங்கும் பேசப்பட்டன. அதன் பிறகு சமுதாயச் சமையலறைகள் வந்தன. சிறுதானியத்தை மறுபடி விதைக்கும் திட்டமும் வந்தது. அரிசி கெட்ட உணவு என்று நான் சொல்ல வரவில்லை. அந்த அரிசி இல்லையென்றால் பட்டினி இன்னும் கூடியிருக்கும். ஆனால் அந்தக் கடையில் கலரும் இல்லை, சிப்ஸும் இல்லை, தடை செய்ய எதுவுமே இல்லை. இருந்தும் சத்துக்குறைவு வந்தது. கெட்டதை எடுத்துவிட்டால் நல்லது தானாக வந்து உட்காராது என்பதற்கு இதைவிட வலுவான சான்று எனக்குத் தெரியவில்லை.

எல்லைக்கு அந்தப் பக்கம் பொள்ளாச்சியில் சொந்தபந்தம் இல்லாத வீடு இங்கே குறைவு. அங்கே ரேஷன் கடையில் அரிசி இலவசம். கூடவே துவரம்பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் லிட்டர் 25 ரூபாய். பருப்பு வந்த மாதம் சாம்பார் கெட்டியாகும் என்று அத்தையும் சித்தியும் சொல்லிக் கேட்டிருப்போம். கேரளத்தில் மானிய விலைப் பருப்புக்கு அரசின் மாவேலி ஸ்டோருக்கோ சப்ளைகோ கடைக்கோ தனியாகப் போக வேண்டும், அங்கே இருப்பு இருக்க வேண்டும். பாமாயிலைப் பற்றி எனக்கு அவ்வளவு நல்ல அபிப்பிராயம் இல்லை. ஆனால் அரிசியோடு பருப்பும் ஒரே கடையில், கட்டுப்படியாகும் விலையில் கிடைப்பது தட்டை நேரடியாக மாற்றுகிறது.

அமெரிக்காவிலும் இந்தத் திசையில் நல்ல சோதனை நடந்திருக்கிறது. மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஹாம்ப்டன் மாவட்டத்தில் 2011-12இல், ஸ்னாப் அட்டையில் ஒரு டாலருக்குப் பழமோ காயோ வாங்கினால் 30 சென்ட் அட்டைக்கே திரும்ப வந்தது. அந்தச் சலுகை கிடைத்தவர்கள் மற்றவர்களைவிடச் சுமார் 26 சதவீதம் அதிகமாகப் பழமும் காயும் சாப்பிட்டார்கள். டெட்ராய்ட்டில் 2009இல் தொடங்கிய இன்னொரு திட்டம், உழவர் சந்தையில் அட்டையால் காய்கறி வாங்கினால் அதே அளவு தொகையைக் கூடுதலாகத் தருகிறது. உழவருக்கும் பணம், வீட்டுக்கும் காய். வடகரைப்பதியிலும் எருத்தேம்பதியிலும் காய்கறி போடுகிற நம் விவசாயிகளை நினைத்தால், இந்த ஏற்பாட்டின் மேல் எனக்கு ஏக்கமே வருகிறது.

இதைப் படிக்கும் யாரும் நான் குளிர்பானக் கம்பெனிகளுக்காகப் பேசுவதாக நினைத்துவிடக் கூடாது. அமெரிக்காவில் இந்தத் தடையைக் குளிர்பான வியாபாரிகளும் எதிர்த்தார்கள், பட்டினிக்கு எதிராக வேலை செய்யும் அமைப்புகளும் எதிர்த்தன. இருவரின் காரணமும் வேறு. எங்கள் சித்தூர் தாலுகாவுக்குக் குளிர்பானத்தின் விலை வேறு விதமாகவும் தெரியும். பெருமாட்டி பஞ்சாயத்தில் பிளாச்சிமடை கோக்கோகோலா ஆலை 2000இல் வந்தது. கிணறுகள் கெட்டுப்போகின்றன என்று 2002இல் மயிலம்மா போன்ற ஆதிவாசிப் பெண்கள் பந்தலில் உட்கார்ந்தார்கள். 2004இல் ஆலை நின்றது. அந்தப் பெண்கள் எதிர்த்தது தயாரிக்கும் இடத்தில். ஏழை வாங்குகிற இடத்தில் மட்டும் கையைப் பிடிப்பவர்கள் அதைக் கவனிக்க வேண்டும்.

தடை வேண்டுமென்றால் எல்லாருக்கும் பொதுவாகப் போடும் வழிகள் இருக்கின்றன. கேரள அரசு 2016இல் பெரிய பிராண்டு உணவகங்களின் பர்கர், பீட்சா போன்றவற்றுக்கு 14.5 சதவீத வரி போட்டது. அடுத்த ஆண்டு ஜிஎஸ்டி வந்ததும் அது மறைந்தது. இனிப்புக் குளிர்பானத்துக்கு 2025 செப்டம்பரிலிருந்து ஜிஎஸ்டி 40 சதவீதம். அதே மாதத்தில் பிஸ்கட்டுக்கும் சாக்லேட்டுக்கும் வரி 18இலிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது. விலையை இப்படி இறக்கிவிட்டு, ஏழையின் அட்டையில் மட்டும் பூட்டுப் போட்டால் அது நேர்மையாகாது.

குழந்தைகள் விஷயத்தில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை. பள்ளி வளாகத்திலும் அதைச் சுற்றி 50 மீட்டருக்குள்ளும் கொழுப்பு, உப்பு, சர்க்கரை மிகுந்த தீனி விற்கக் கூடாது என்று 2020இல் உணவுப் பாதுகாப்பு ஆணையம் விதி போட்டது. அது வசதியான வீட்டுப் பிள்ளைக்கும் ஏழை வீட்டுப் பிள்ளைக்கும் ஒன்றுபோலப் பொருந்தும். மதிய உணவிலும் அங்கன்வாடியிலும் அரசே சமைத்துப் பரிமாறுகிறது. அங்கே எதைப் பரிமாறலாம் என்று கண்டிப்பாக இருப்பது அரசின் கடமை. ஆனால் வளர்ந்த ஒரு பெண், வரிசையில் பத்துப் பேர் பார்த்துக்கொண்டிருக்க, "இதுக்கு உங்க அட்டை செல்லாதுங்க" என்று கேட்டுவிட்டுப் பாட்டிலைத் திரும்ப அலமாரியில் வைப்பது வேறு விஷயம். எல்லாருக்கும் எல்லாரையும் தெரிந்த ஊரில் அந்தச் சொல் அவரோடு வீடு வரை போகும். அடுத்த மாதம் அவர் அந்தக் கடைக்கே வராமல் போகலாம்.

நாம் கேட்க வேண்டியதற்குச் சட்டத்திலேயே இடம் இருக்கிறது. உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 12ஆம் பிரிவு, ரேஷனில் தரும் பொருள்களின் வகையைக் காலப்போக்கில் கூட்ட அரசுகள் முயல வேண்டும் என்று சொல்கிறது. 29ஆம் பிரிவு, ஒவ்வொரு ரேஷன் கடைக்கும் கண்காணிப்புக் குழு வேண்டும் என்கிறது. கேரளத்தில் 2023 முதல் சில ரேஷன் கடைகளைக் கே-ஸ்டோராக மாற்றி, மில்மா பொருள்களும் சப்ளைகோவின் சபரி பொருள்களும் விற்கிறார்கள். அந்த அலமாரியில் பருப்பு, ராகி, கடலை, முட்டை எந்த விலைக்கு வரும் என்று அடுத்த கிராம சபையில் கேளுங்கள். உங்கள் கடையின் கண்காணிப்புக் குழுவில் யார் இருக்கிறார்கள், கடைசியாக எப்போது கூடினார்கள் என்றும் கேளுங்கள். மனுவைத் தமிழிலேயே எழுதிக் கொடுக்கலாம். கொழிஞ்சாம்பாறை, சித்தூர் பக்கத்தில் தமிழர்கள் மொழிச் சிறுபான்மையினர், தமிழில் விண்ணப்பிக்கும் உரிமை நமக்கு உண்டு.